குழி வெட்டுகிறவர் கையில் வரைபடம்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நாம் பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். இன்று ஒரு தாளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். தெருவைத் தோண்டுவதற்கு முன் பொறியாளர் மேசையிலோ மேற்பார்வையாளர் போனிலோ இருக்கும் தாள் அது. குடிநீர்க் குழாய் எங்கே போகிறது, மின்கேபிள் எங்கே திரும்புகிறது, சாக்கடை எந்த ஆழத்தில் ஓடுகிறது என்று அதில் கோடு போட்டிருக்கும். கடப்பாரை பிடிக்கும் கைக்கு மட்டும் அது வந்து சேர்வதில்லை.

பீளமேட்டில் ஒரு சந்துக்குள் குழி வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம்: "அடியில என்ன போகுதுன்னு படம் ஏதாச்சும் காட்டுனாங்களாண்ணா?" அவர் நிமிராமலே சொன்னார்: "படமெல்லாம் சூப்பர்வைசர் போன்ல இருக்குமுங்க. நமக்கு அடிச்சாத்தானுங்க தெரியும்."

அடித்தால்தான் தெரியும் என்ற இந்த நிலைமை எப்படி வந்தது? அதன் வரலாறுதான் இன்றைய பேச்சு.

சங்கிலி பிடித்தவரும் படம் வைத்திருந்தவரும்

ஆங்கிலேயர் காலத்து நில அளவை ஒவ்வொரு ஊருக்கும் வரைபடத்தையும் ஒவ்வொரு புலத்துக்கும் அளவுக் குறிப்பையும் உண்டாக்கியது. அந்த ஏடுகள் கர்ணம் வீட்டில் இருந்தன. எல்லைக்கல் எங்கே புதைந்திருக்கிறது என்று நடந்து காட்டியவர்களும் அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தவர்களும் ஊரின் கடைநிலைப் பணியாளர்கள். அவர்களில் கணிசமானோர் சேரிக்காரர்கள். மண்ணைக் காலால் அறிந்தவருக்கு மண்ணின் படம் கிடையாது. படம் வைத்திருந்தவர் மண்ணில் இறங்க வேண்டியதும் இல்லை. பிணக்குழி வெட்டுவதையும் இதே ஏற்பாடு வெட்டியானின் பிறவிக் கடமையாக்கியது. 1980இல் தமிழக அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. படமும் மண்ணும் தனித்தனிக் கைகளில் இருக்கும் பழக்கம் அத்துடன் ஒழியவில்லை.

நம் இயக்கம் இந்தப் பழக்கத்தை ஒருமுறை உடைத்திருக்கிறது. ட்ரெமன்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. நூறாண்டுக்குப் பின் அந்தப் பஞ்சமி நிலங்களை மீட்கக் கிளம்பியவர்கள் முதலில் செய்த வேலை, அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் வாசிக்கக் கற்றுக்கொண்டது. சர்வே எண்ணைப் பார்த்து, இந்தத் துண்டு எங்களுடையது என்று சொன்னார்கள். 1994 அக்டோபர் 10 அன்று காரணை நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது அந்தப் போராட்டத்தில்தான். நமக்கு வரைபட வாசிப்பு புதிதன்று. உயிர் கொடுத்துக் கற்ற பாடம் அது.

பீளமேட்டின் அடியில்

பூளைமேடு என்பது இந்த ஊரின் பழைய பெயர். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு கோவையில் ஆலைகள் பெருகின. ஆலைத் தொழிலாளிக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. பீளமேடு ரங்கவிலாஸ் மில் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலேற்றப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரை இன்றும் நினைவுகூர்கிறோம். அந்த ஆலைகளுக்கு அஸ்திவாரம் தோண்டியவர்கள் எந்த மஸ்டர் ரோலிலும் நிலைக்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் நகருக்கு வரக் குழாய்ப் பள்ளம் வெட்டியவர்களின் பெயரும் நமக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தது. சிறுவாணிக் குழாய், பில்லூர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கேபிள், தொலைபேசிக் கம்பி, கண்ணாடி இழைக் கேபிள், இப்போது வீட்டுக்கு வீடு எரிவாயுக் குழாய். ஒவ்வொன்றும் ஒரு துறையின் சொத்து, ஒவ்வொரு படமும் ஒரு அலுவலகத்தின் அலமாரி. 1981இல் சிங்காநல்லூர் நகராட்சியையும் இணைத்து மாநகராட்சி உருவானது. 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் செல்பவர்கள் பீளமேட்டைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார்கள். அதன் தூண்களுக்கு இறங்கிய குழிகளை யாரும் படமெடுத்து மாட்டவில்லை.

குழிக்குள் நடப்பது

2022இல் மதுரை விளாங்குடியில் பாதாளச் சாக்கடைப் பள்ளத்தில் மண் சரிந்து ஈரோட்டுத் தொழிலாளி ஒருவர் புதைந்தார். மீட்கக் கொண்டுவந்த மண்வாரி இயந்திரமே அவர் உடலைச் சிதைத்தது. 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில் கட்டுமானத்துக்காக மண் தோண்டிய இடத்தில், பக்கத்திலிருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து பெண் தொழிலாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். இரண்டிலும் யாரும் கேபிளை வெட்டவில்லை. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: அடியிலும் அருகிலும் என்ன இருக்கிறது, மண் எவ்வளவு தாங்கும் என்பது குழியில் இறங்கியவருக்குச் சொல்லப்பட்டதா?

சட்டத்தில் குறை இல்லை. அகழ்வுப் பணிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3764, 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கத்தாங்கல் கொடுக்கச் சொல்கிறது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் தனிச் சட்டம் வந்தது. 1998இன் மத்திய விதிகளில் அகழ்வுக்கென்றே ஓர் அத்தியாயம் வைக்கப்பட்டது. இவை எல்லாம் முதலாளிக்கும் பொறியாளருக்கும் எழுதப்பட்டவை. தொழிலாளி வாசித்து, "இது இல்லாமல் இறங்க மாட்டேன்" என்று சொல்லும்படி அவர் கைக்கு எதுவும் தரப்படவில்லை.

2023 மார்ச் 22 அன்று பிரதமர் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைத் தொடங்கிவைத்தார். தோண்டுகிற நிறுவனம் இடத்தைக் குறித்தால் அடியில் குழாய், கேபிள் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் இடங்களில் கண்ணாடி இழைக் கேபிள் அறுகிறது, சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு காரணம் சொன்னது. திட்டம் நல்லதுதான். ஆனால் அறுந்த கம்பியைத்தான் எண்ணியிருக்கிறார்கள், அறுத்த கையை எண்ணவில்லை. அந்தக் கை மின்கேபிள்மேல் பட்டிருந்தால் கருகியிருக்கும். இழையின்மேல் பட்டால் கூலியில் பிடித்தம் என்று தொழிலாளர்கள் நம்மிடம் சொல்கிறார்கள்.

படம் படிப்பது என்றால் என்ன

இது பட்டம் வாங்கியவருக்கு மட்டும் புரியும் வித்தை அன்று. படத்தில் வடக்கு எது, நாம் நிற்கும் முனை எது என்று முதலில் பொருத்த வேண்டும். அளவுகோல் 1:500 என்றால் படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் ஐந்து மீட்டர். எந்தக் கோடு தண்ணீர், எந்தக் கோடு மின்சாரம் என்று குறியீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிறகு படத்தை விட்டுத் தெருவைப் பார்க்க வேண்டும். வால்வு மூடி, மேன்ஹோல் மூடி, மின்பெட்டி, தெருவிளக்குக் கம்பம் ஆகியவை படத்தோடு ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் படம் பழையது.

படத்தை முழுவதும் நம்பவும் கூடாது. பல படங்களில் ஆழம் இருக்காது. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்திருந்தால் எழுதிய ஆழமும் தப்பு. கேபிள் தேடும் கருவி உலோகத்தையும் மின்னோட்டத்தையும் காட்டும். கூடவே தடக்கம்பி புதைக்காத பிளாஸ்டிக் குழாயை அது காட்டாது. அதனால் இயந்திரம் இறங்கும் முன் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்க்க வேண்டும்.

சோதனைக் குழியில் நம் ஆட்கள் பொறியாளருக்கே பாடம் எடுப்பார்கள். இறுகிய மண்ணுக்கு நடுவே கடப்பாரை பொதுக்கென்று இறங்கினால் முன்பே யாரோ தோண்டி மூடிய இடம் என்று அவர்களுக்குத் தெரியும். திடீரென்று ஆற்றுமணல் வந்தாலோ, வரிசையாகச் செங்கல் படுத்திருந்தாலோ கீழே கேபிள் இருக்கக்கூடும் என்று தெரியும். இந்த அறிவுக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, கூலியில் மதிப்பும் இல்லை. படம் அவர் கைக்கு வந்தால் தப்பான கோட்டைத் திருத்தவும் அவரால் முடியும்.

நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாகப் போய் உழைக்கும் சிங்கப்பூரில், தோண்டுவதற்கு முன் கேபிள் படத்தை வாங்க வேண்டும். உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளர் தரையில் குறித்துத் தர வேண்டும். உயர் மின்னழுத்தக் கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. அங்கே எல்லாம் சரி என்று நாம் சொல்லவில்லை. அடியில் இருப்பதைக் கண்டறிவது ஒரு தொழில், அதற்குப் பயிற்சியும் உரிமமும் உண்டு என்பதை அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: பயிற்சி பொறுப்பைத் தள்ளிவிடும் வழியாகிவிடக் கூடாது. "உனக்குத்தான் படம் படிக்கச் சொல்லிக் கொடுத்தோமே" என்று விபத்துக்குப் பின் தொழிலாளிமேல் பழி போடுவார்கள். படம் தருவதும் பக்கத்தாங்கல் தருவதும் ஒப்பந்ததாரர் கடமை. பயிற்சியோடு, படம் காட்டாவிட்டால் இறங்க மறுக்கும் உரிமையும் அந்த நாளின் கூலியும் சேர்ந்தே வர வேண்டும்.

இரண்டாவது: இதை மலக்குழிக்கு நீட்டக் கூடாது. ஆபத்தான முறையில் சாக்கடைக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2014இல் 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக்கியது. கொங்குப் பகுதியில் அந்தக் குழிக்குள் தள்ளப்படுவோர் பெரும்பாலும் அருந்ததியர் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே பயிற்சி என்ற பேச்சே கூடாது. ஆள் இறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரவுப் பள்ளியின் தொடர்ச்சி

வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான சில மாதங்களில், 1942 அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து அம்பேத்கர் ஒரு மனு கொடுத்தார். கல்வி உதவித்தொகையோடு அவர் கேட்ட இன்னொன்று தொழில்நுட்பப் பயிற்சி: அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும் என்றார். உழைப்பு நம்மிடமும் நுட்பம் பிறரிடமும் இருக்கும்வரை கூலி உயர்ந்தாலும் சாதி நகராது என்பதை அந்தக் கோரிக்கையிலிருந்து நாம் புரிந்துகொள்கிறோம். அவருக்கு முன்பே அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் உழைப்பவருக்கு இரவில்தான் எழுத்து என்பது நம் மரபு.

பீளமேட்டைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. சிவில் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய அப்பாக்கள் இன்றும் கடப்பாரை பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் நாம் கேட்பது இதுதான்: வாரத்தில் ஓர் இரவு, விடுதிக்கு அருகே வேலை நடக்கும் தெருவுக்கு வாருங்கள். அந்தத் தெருவின் படத்தை மாநகராட்சியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குவோம். தெருவிளக்கின் கீழ் விரித்துவைத்து, வடக்கு எது என்பதில் தொடங்குவோம். அப்பாவுக்குக் கோட்டைக் காட்டுங்கள். கோடு எங்கே தப்பு என்று அவர் உங்களுக்குக் காட்டுவார்.