பாலக்கீரை – திண்டுக்கல் சமவெளி வீட்டுத் தோட்டத்தில்

பாலக்கீரை பீட்ரூட்டுக்கு நெருங்கிய உறவான இலைக்கீரை. மேலைநாட்டு வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் வளர்க்கப்படும் சுவிஸ் சார்டும், பீட்ரூட்டும், பாலக்கும் பீட்டா வல்காரிஸ் என்ற ஒரே தாவர இனத்தின் வகைகள். சார்டுக்கு உள்ள தடித்த, பல நிறக் காம்பு பாலக்குக்கு இல்லை. ஆனால் வெயிலைத் தாங்குவதில் பாலக்கே மேல். எனவே திண்டுக்கல் நகருக்கும் சுற்றுச் சமவெளிக்கும் பாலக்கையே முதலில் பரிந்துரைக்க வேண்டும். சார்டு வளர்க்க விரும்புவோர் மார்கழி, தைப் பனிக்காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இந்த இனத்தின் மூதாதை கடற்கரையில் தானாக வளரும் காட்டு பீட். அதனால் ஓரளவு உப்புள்ள போர் தண்ணீரிலும் பாலக் தாக்குப்பிடிக்கும். நல்ல தண்ணீருக்குக் கோடைதோறும் தவிக்கும் திண்டுக்கல்லில் இந்தக் குணம் பெரிய அனுகூலம். எனினும் முளைக்கும் பருவத்தில் உப்பு ஆகாது. முதல் பத்து நாளுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்த கிணற்று நீரை எந்தக் கீரைக்கும் பாய்ச்சவே கூடாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி 1, புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆல் கிரீன், பூசா ஜோதி ஆகியவை அறியப்பட்ட இரகங்கள். வடகிழக்குப் பருவமழையின் அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை விதைப்பது நல்லது. செம்மண்ணில் மட்கிய தொழுவுரம் தாராளமாகக் கலந்து, நீர் தேங்காத பாத்தி அமைக்க வேண்டும். மாடியில் வளர்ப்பவர்கள் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த பையைப் பயன்படுத்தலாம்.

விதை என்று கடையில் கிடைப்பது உண்மையில் பல விதைகள் ஒட்டிய காய். ஓர் இரவு ஊறவைத்து, ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஊன்றினால், ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாற்றுகள் எழும்பும். அவற்றில் திடமான ஒன்றை விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும். களைந்த நாற்றும் சமையலுக்கு ஆகும். பாலக்குக்குச் செடிக்குச் செடி 10 செ.மீ., சார்டுக்கு 25 முதல் 30 செ.மீ. இடைவெளி தேவை.

பாலக்கை ஒரு மாதத்திலும், சார்டை இரண்டு மாதத்திலும் பறிக்கத் தொடங்கலாம். நடுக்குருத்தை விட்டுவிட்டு வெளி இலைகளை மட்டும் கிள்ளினால் செடி மீண்டும் மீண்டும் தழைக்கும். பங்குனி வெயில் ஏறியதும் நிழல்வலை கட்டுவது அவசியம். அசுவினிக்கு வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். இலைப்புள்ளி கண்ட இலைகளை உடனே கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.

இக்கீரையில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதி. வேகவைத்த நீரை வடித்தால் அது குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்பது நல்லது.