துத்தி வேரிலிருந்து கடல்பாசிக்கு

மார்ஷ்மெல்லோவை எங்கள் மாட்டுங்கா வீட்டுக்குக் கொண்டுவந்தவள் என் பேத்தி. பஞ்சுபோல் வெள்ளையாக, அழுத்தினால் அமுங்கி, விட்டால் நிமிரும் மிட்டாய். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். அசைவத்துக்கான பழுப்பு முத்திரை இருந்தது. எங்கள் வீட்டில் அது ஆகாது. வாடிப்போன அவள் முகத்தைப் பார்த்து, "நானே செய்து தரேன்டி" என்று சொல்லிவிட்டேன். அதன்பிறகுதான் இந்த மிட்டாய் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். தேடிப் போன இடத்தில் நம் ஊர் வேலியோரச் செடியின் உறவு ஒன்று நின்றது.

மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். ஐரோப்பாவின் சதுப்பு நிலங்களில் வளர்வது. துத்தியும் வெண்டையும் செம்பருத்தியும் சேர்ந்த குடும்பம்தான் அதற்கும். நம் மூலிகை நூல்கள் அதைச் சீமைத்துத்தி என்கின்றன. வெண்டைக்காயை நறுக்கினால் கையில் ஒட்டுமே, அந்தக் கொழகொழப்பு இதன் வேரில் நிறைய உண்டு. தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் அந்த வேர்ச்சாற்றைக் கிரேக்கர் காலத்திலிருந்தே கொடுத்துவந்தார்கள். பிரான்சின் மிட்டாய்க்காரர்கள் அந்தச் சாற்றோடு சர்க்கரையும் முட்டை வெள்ளையும் சேர்த்து நுரைக்க அடித்தார்கள். மருந்து மிட்டாயானது.

வேரைத் தோண்டி, ஊறவைத்து, சாறெடுத்து, மணிக்கணக்கில் கையால் அடிக்கும் வேலை அது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வேர் போய் ஜெலட்டின் வந்துவிட்டது. 1950-களில் அமெரிக்காவில் அலெக்ஸ் டூமாக் என்பவர், கலவையைக் குழாய் வழியே நீளமாகப் பிதுக்கித் துண்டு போடும் முறையைக் கொண்டுவந்தார். பெயரில் மட்டும் செடி மிஞ்சியது.

ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. தோல் என்றதும் மும்பைத் தமிழர்களுக்குத் தாராவி நினைவுக்கு வரும். அங்கே தோல் பதனிடும் தொழிலை வேரூன்றச் செய்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள். சதுப்பாகக் கிடந்த இடத்தில் அவர்கள் உழைப்பில் ஓர் ஊரே எழுந்தது. எங்கள் வீட்டில் ஜெலட்டின் வேண்டாம் என்பது எங்கள் பழக்கம். அந்தத் தொழிலின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஜெலட்டினுக்கு மாற்றாக நான் தேடிய பொருளும் அதே தாராவியில்தான் கிடைத்தது: கடல்பாசி. நோன்பு மாதத்தில், தமிழ் முஸ்லிம் வீடுகளில் பாலோ இளநீரோ சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, துண்டு போடுவார்களே, அதுதான்.

கடல்பாசிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. ஜெலட்டின் கட்டி 35 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். மும்பையின் மே மாதத்தில் தட்டிலேயே கசிவதும் அதனால்தான். கடல்பாசியோ 40 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். மறுபடி இளக வேண்டுமானால் 85 டிகிரியாவது வேண்டும். இதை அறிவியல் உலகத்துக்குச் சொன்னது ஒரு சமையலறை. ஜெர்மனியில், ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸெ கிருமிகளை ஜெலட்டின் மேல் வளர்க்கப் பார்த்தார். கோடையில் அது உருகிப் பாழானது. வீட்டில் மனைவி ஃபேனி செய்த ஜெல்லி மட்டும் வெயிலிலும் குலையாமல் நின்றது. காரணம் கேட்டபோது, அகர், அதாவது நம் கடல்பாசி, என்றார் அவர். நியூயார்க்கில் சிறுவயதில், முன்பு ஜாவாவில் வாழ்ந்திருந்த டச்சு அண்டைவீட்டாரிடம் கற்றது. காக் 1882இல் காசநோய்க் கிருமி பற்றி எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. இன்றும் உலகத்து ஆய்வகங்களில் கிருமிகள் வளர்வது அந்த அம்மாள் சொன்ன பொருளின் மேல்தான். எனக்கு இது ஆறவே இல்லை.

இனி அடுப்புக்கு வருகிறேன். எட்டு கிராம் கடல்பாசியை முக்கால் டம்ளர் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, நூல் தெரியாமல் கரையும்வரை காய்ச்ச வேண்டும். அதில் நானூறு கிராம் சர்க்கரை சேர்த்துக் கம்பிப் பாகு. நுரைக்கு முட்டை வெள்ளை வேண்டாமென்றால், கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து அடிக்கலாம். செம்பூரில் இருக்கும் என் தங்கை சொன்ன வழி, பால்நுரைபோல் எழும்புகிறது. நுரைமேல் சூடான பாகை நூலாக ஊற்றியபடி அடிக்க வேண்டும்.

பழச்சாறு கடைசியில்தான். முதல்முறை ஆரஞ்சுச் சாற்றைக் கடல்பாசியோடு சேர்த்தே கொதிக்கவிட்டேன். விடிந்து பார்த்தால் கூழ். புளிப்போடு கொதித்தால் பாசியின் இறுகும் சக்தி போய்விடும். ஆகவே அடித்து முடிக்கும்போது இரண்டு கரண்டி எலுமிச்சைச் சாறு. மணத்துக்கு ஆரஞ்சுத் தோலின் மேல்சீவல். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். மும்பையில் மோசம்பி என்று நாங்கள் சொல்லும் சாத்துக்குடியில் செய்து பார்த்தேன், மணம் போதவில்லை. நாக்பூர் ஆரஞ்சுதான் சரி. நாரத்தங்காய்த் தோல் அதைவிட மேல். ஆரஞ்சு என்ற சொல்லுக்கே நம் நாரத்தைதான் மூலம் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

சோளமாவும் பொடித்த சர்க்கரையும் தூவிய தட்டில் ஊற்றி ஓர் இரவு விட்டால் போதும். மழைக்காலத்தில் முயல வேண்டாம். ஈரக்காற்றை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். டிசம்பர், ஜனவரி நல்லது. ஜெலட்டினில் செய்ததுபோல் இழுபடாது. கடித்தால் மெத்தென்று விட்டுப்போகும். இதை நான் குறையாக நினைக்கவில்லை. ரஷ்யர்களின் ஜெஃபீர் இப்படித்தான், அகரில் செய்வது. செடியில் தொடங்கிய மிட்டாய் செடிபோல் வளரும் ஒன்றுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவே.

அந்தப் பாசி எங்கிருந்து வருகிறது? மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் மாவட்டக் கரையோரப் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் வகைகளிலிருந்துதான் அகர். மூச்சுக்கருவி கிடையாது. கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர் செருப்பு. பாறையில் கை கிழிபடும். 1986இல் அங்குள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பாட்டி காலம்தொட்டு பாசி எடுத்த இடத்தில் இறங்குவதே குற்றமாகிவிட்டது. ஆனாலும் பாசி அழியக்கூடாதென்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுள் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்தின் லட்சுமிக்கு 2015இல் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது.

எடுத்த பாசி உலர்ந்து மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகராகிறது. கடையில் அதற்குப் பெயர் 'சைனா கிராஸ்'. அடுத்தமுறை வாங்கும்போது கடல்பாசி என்றே கேளுங்கள். பொட்டலத்தைத் திருப்பி ஊர்ப்பெயர் பாருங்கள். மதுரைச் சரக்கு இருந்தால் அதையே எடுங்கள்.