செங்கல் வாங்காத ராஜா

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் போனால் ஜன்னலோர சீட்டைப் பிடித்துவிடுங்கள். நெல், கரும்பு, மல்லாட்டை (நம்மூர் வேர்க்கடலைதான்!) என்று போகும் வயல்களுக்கு நடுவே, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல் பாறைக் குன்றுகள்.

செஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் மண்டகப்பட்டு. பெரும்பாலோர் இங்கே இறங்குவதில்லை. ராஜா தேசிங்கு கதையை நினைத்துக்கொண்டு நேராகக் கோட்டைக்குப் போய்விடுவார்கள். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை ஏறிய பிறகு கேட்கவே வேண்டாம். ஆனால் தேசிங்கு மாண்டது 1714-ல். மண்டகப்பட்டுக் குகைக்கோயில் அதற்கும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் மூத்தது.

குடைவித்தவன் மகேந்திரவர்ம பல்லவன். முகப்பில் கனத்த சதுரத் தூண்கள், இருபுறமும் துவாரபாலகர்கள். உள்ளே மூன்று கருவறைகள், மூன்றும் காலி! அங்கே வடமொழியில் ஒரு கல்வெட்டு. பிரம்மா, சிவன், விஷ்ணுவுக்காக விசித்திரசித்தன் (மகேந்திரனின் பட்டப்பெயர்) செய்வித்த இந்தக் கோயிலில் செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுண்ணாம்புச் சாந்தும் கிடையாது என்கிறது.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தி. பின்னால் வந்த ராஜாக்கள் இத்தனை பொன், விளக்கெரிக்க இத்தனை ஆடு என்று கொடுத்ததை எழுதிவைத்தார்கள். இவனோ, வாங்காத சரக்குக்குப் பட்டியல் போட்டிருக்கிறான்!

அதற்கு முன் கோயில்களே இல்லையா? இருந்தன. இவன் வேண்டாமென்று ஒதுக்கிய அதே நாலு சரக்கில்தான் கட்டினார்கள். மழையும் கரையானும் அநேகமாக எல்லாவற்றையும் தின்றுவிட்டன. (பிள்ளையார்பட்டிக் குடைவரைதான் முந்தியது என்று வாதிடுவோர் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.)

ஆனால் கணக்கில் ஒன்று இடிக்கிறது. உலோகமே இல்லையென்றால் பாறையை எதால் குடைந்தார்கள்? உளி இரும்பில்லையா? மழுங்கிய உளியைக் காய்ச்சித் தட்டிக்கொடுத்த கொல்லன் யார்? தூண்களை நெஞ்சுக்கு நேரே வைத்துச் செதுக்கியவர்கள் யார்? ராஜா பெயர் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை.

இங்கே பாறையை நம்பியவன் ராஜா மட்டுமல்ல. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றிய கல்வெட்டும் அங்கே உண்டு; அது தமிழில். சமணம் ஓய்ந்துபோன கதை என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடக்கிறது. இந்த வட்டாரத்தில் ஏர் பிடித்து விவசாயம் பார்த்த தமிழர்கள்தான் அவர்கள், நயினார் என்பார்கள்.

இப்போது பாறைக்கு வேறொரு வேலை வந்திருக்கிறது: ஜல்லி. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, தோண்டக்கூடாது என்று 2010-ல் சட்டத்தை இறுக்கினார்கள். பட்டியலில் ஏறாத பாறைக்கு அந்தக் காவல் கிடையாது. திரும்பும்போது பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். தார்ப்பாய் கட்டிய ஜல்லி லாரி ஒன்று தூசி கிளப்பிக்கொண்டு போனது. எந்தக் குன்றோ, தெரியவில்லை.