மதகும் மோட்டாரும்: 1996 இறால் தீர்ப்பின் இரண்டு அளவுகோல்கள்

‘எஸ். ஜெகந்நாத் எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று அளித்த தீர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்கின்றன. கடலோர மக்கள் வென்றார்கள். 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி அந்த வெற்றியைப் பறித்துக்கொண்டது. பிற்பாதி சரிதான். முற்பாதியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தீர்ப்புக்குள்ளேயே ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று, இறால் எப்படி வளர்க்கப்படுகிறது என்று கேட்டது. மற்றது, எந்த நிலத்தில் வளர்க்கப்படுகிறது என்று கேட்டது. ஆய்வாளர்கள் கொண்டாடியதும் நாடாளுமன்றம் வீழ்த்தியதும் முதலாவதைத்தான். வலுவானது இரண்டாவது என்பது என் வாதம்.

முதல் அளவுகோல் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தின் இயக்குநராக இருந்த கே. அழகர்சாமியின் அறிக்கையிலிருந்து வந்தது. அந்த அறிக்கை இறால் வளர்ப்பை மரபுமுறை, மேம்படுத்திய மரபுமுறை தொடங்கித் தீவிர முறை வரை ஆறு படிகளாக அடுக்குகிறது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் முதல் இரு படிகளுக்கு மட்டும் நீதிமன்றம் விலக்களித்தது. மற்றவற்றை 1997 மார்ச் 31க்குள் இடிக்கச் சொன்னது. இந்த விலக்கைப் பழங்குடி அறிவுக்கும் சிறு உழவருக்கும் கிடைத்த அங்கீகாரமாக வாசிப்பது வழக்கம். அறிக்கை மரபுமுறையை விவரிக்கும் விதத்தைப் பார்த்தால் அந்த வாசிப்பு தடுமாறுகிறது. ஓதம் ஏறும்போது மதகு வழியே நீர் வருகிறது; அதனோடு குஞ்சும் வருகிறது; தீவனம் இடுவதில்லை; அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் மதகில் வலை கட்டிப் பிடிக்கிறார்கள்; மழைக்காலத்தில் அதே வயலில் நெல். வங்கத்தின் பேரிகள், கேரளத்தின் பொக்காளி வயல்கள், கோவாவின் கஜான் நிலங்கள்தாம் இங்கே எடுத்துக்காட்டு. வழக்கு புறப்பட்ட தஞ்சைக் கடைமடையோ, பண்ணைகள் மிகுதியாகப் பெருகிய ஆந்திரமோ இந்த வருணனைக்குள் வரவில்லை.

இது தற்செயல் அன்று. ஹூக்ளி முகத்துவாரத்தில் ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும். நாகப்பட்டினக் கரையில் அந்த வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை. மதகைத் திறந்து வைத்தால் குளம் தானே நிரம்பி வடியும் என்பது இங்கே பொதுவாக நடக்காத காரியம், மோட்டார் வேண்டும். ஆகவே சோழமண்டலக் கரைக்கு அந்த விலக்கு ஏட்டில் மட்டுமே இருந்தது. விலக்கு வெறுமையானதால் தீர்ப்பு இங்கே முழுத்தடையாகிவிட்டது. முழுத்தடைக்கு எதிராகச் சிறு பண்ணையாளரும் பெருநிறுவனமும் ஒரே அணியில் நின்றது வியப்பில்லை. 1997 மார்ச்சிலேயே இடிப்பு நின்றுபோனது. (பல குளங்கள் தீர்ப்புக்கு முன்பே, 1994–95இன் வெள்ளைப்புள்ளி நோயால் காலியாகியிருந்தன. இறால் பண்ணைகளின் சரிவைத் தீர்ப்பின் கணக்கில் எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

மதகு இருக்கும் இடத்தில் மட்டும் அந்த அளவுகோல் சரியாக அளந்ததா? வங்கதேசத்தின் தென்மேற்கு இதற்குப் பதில் சொல்கிறது. குல்னா, சாத்கீரா, பாகேர்ஹாட் மாவட்டங்களின் ‘கேர்’ பண்ணைகள் அழகர்சாமி அடுக்கில் பெரும்பாலும் இரண்டாம் படியில்தான் நிற்கும். ஓதநீர், குறைந்த எண்ணிக்கையில் குஞ்சு, பெரும்பாலும் தீவனமற்ற வளர்ப்பு. மோட்டாரும் ஏரேட்டரும் அங்கே அரிது. ஆனால் நெல் வயலைக் காக்கக் கட்டிய கரைகளை வெட்டி உவர்நீரை உள்ளே விட்டதும், குத்தகை உழவரை வெளியேற்றியதும் இந்த ‘மென்மையான’ முறைதான். 1990 நவம்பர் 7 அன்று குல்னாவின் 22ஆம் போல்டரில் (கரை சூழ்ந்த வயல்பகுதியில்), ஹரின்கோலாவில், இறால் பண்ணைக்கு எதிராக ஊர்வலம் சென்ற கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். நம் நீதிமன்றத்தின் முதல் அளவுகோலை அங்கே கொண்டுபோனால் அந்தப் பண்ணைக்கு விலக்குக் கிடைத்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஒரு நாட்டின் தீர்ப்பை இன்னொரு நாட்டு நிலத்தில் வைத்துப் பார்ப்பது முறையா என்று கேட்கலாம். சுந்தரவனத்தின் ஓதம் எல்லைக்கோட்டைப் பார்த்து ஏறுவதில்லை.

இரண்டாவது அளவுகோல் அதே தீர்ப்பின் ஆணைகளுக்கு நடுவே இருக்கிறது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், வனம், ஊர்ப் பொதுநிலம் ஆகியவற்றை இறால் குளமாக மாற்றக்கூடாது. படிநிலை இல்லை, குஞ்சுகளின் எண்ணிக்கை இல்லை. மரபு, நவீனம் என்ற பிரிவும் இல்லை. கேட்பது ஒன்றுதான்: இந்த நிலம் நேற்று யாருக்கு எதைக் கொடுத்துக்கொண்டிருந்தது? தலைஞாயிறு, சீர்காழிப் பகுதி மக்களின் முறையீடும் இதுவே: குடிநீர்க் கிணறு உவர்த்தது, வயல் வேலை போனது, கடலுக்குச் செல்லும் பாதை அடைபட்டது. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், தமிழ்நாட்டில் சேதம் வருவாயைப் போல் ஒன்றரை மடங்கு, ஆந்திரத்தில் நான்கு மடங்கு என்று மதிப்பிட்டதும் பெரும்பாலும் இத்தகைய இழப்புகளைக் கூட்டித்தான். அந்தக் கணக்கின் நுட்பத்தைத் தொழில்துறை குறைகூறியது. பாதியைத் தள்ளினாலும் மீதி சிறிதன்று.

2005 சட்டம் எதை வீழ்த்தியது என்பதை இப்போது பார்க்கலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தை வகுத்த 1991 பிப்ரவரி 19 அறிவிக்கையின் தடைப் பத்தி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குப் பொருந்தாது என்ற ஒரு வரியை, அது அன்றுமுதலே இருந்ததாகக் கருதும்படி, 27ஆம் பிரிவு சேர்த்தது. முதல் அளவுகோல் அந்த அறிவிக்கையின்மேல் நின்றதால் ஒரே வரியில் சாய்ந்தது. நிலம் பற்றிய ஆணையை அப்படிச் சாய்க்க முடியவில்லை. அது ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளுக்குள் அப்படியே வந்து சேர்ந்தது. ஆனால் நெறியாக மட்டும். ஓத எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதுப் பண்ணை கூடாது என்ற விதியும் ஏற்கெனவே இருந்த பண்ணைகளை விட்டுவிட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு 5 ஹெக்டேருக்குக் குறையாத பண்ணைகளுக்கே கட்டாயமாக்கப்பட்டது. ஒரே வடிகாலில் நூறு ஒரு ஹெக்டேர்க் குளங்கள் கொட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அவை நூறு தனித்தனிச் சிறு பண்ணைகளாகவே இருந்தன.

வளர்ப்பு முறை மாசின் அளவைக் காட்டும் அடையாளம்தானே, அதைக் கொண்டு அளப்பதில் என்ன பிழை என்ற மறுப்பு எழலாம். 2009இல் வனாமி என்ற இறால் வகை வந்தபின் இந்த மறுப்பு நிற்பதில்லை. வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சு வரை அனுமதி. அழகர்சாமியின் தீவிரப் படியோ 35ஐத் தாண்டவில்லை. இவ்வளவு நெருக்கத்திலும் நீர் மாற்றாமல் நடத்தும் குளம், அடிக்கடி நீரை இறைத்துக் கொட்டும் நெருக்கம் குறைந்த குளத்தைவிடக் குறைவாக வெளியேற்றக்கூடும். நிலத்தைப் பற்றிய கேள்வி மட்டும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

அந்தக் கேள்விக்கான சான்று உயிரியல் அறிக்கைகளைவிட வருவாய்த்துறைப் பதிவுகளில்தான் அதிகம் கிடைக்கும். குளம் வெட்டுவதற்கு முந்தைய ஆண்டுகளின் அடங்கலில் அந்தப் புல எண்ணுக்கு நேரே என்ன சாகுபடி எழுதப்பட்டிருந்தது, அ-பதிவேட்டில் அது நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பதை ஊர்வாரியாக எடுத்து உரிமப் பட்டியலோடு ஒப்பிட்டால், தீர்ப்பின் இரண்டாம் அளவுகோல் எத்தனை புலங்களில் மீறப்பட்டது என்று சொல்ல முடியும். தீர்ப்பின் வெற்றி தோல்வியைப் பேசிய ஆய்வுகள் தொடங்கியிருக்க வேண்டிய இடம் அது.