ஜோராசாங்கோவின் இரு வீடுகள்

கல்கத்தா என்று நெடுங்காலம் வழங்கி, 2001-ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாறிய மாநகரின் வடபகுதியிலே ஜோராசாங்கோ என்றொரு பேட்டை உண்டு. இரட்டைப் பாலம் என்பது அப்பெயரின் பொருள். பழைய சித்பூர் சாலை, இன்று ரவீந்திர சரணி என்ற பெயரோடு, அப்பேட்டையின் ஊடே செல்கிறது. அதிலிருந்து பிரியும் துவாரகாநாத் தாகூர் சந்தில் ஒரு குடும்பத்தாரின் இரண்டு மாளிகைகள் அடுத்தடுத்து நின்றன. ஆறாம் எண் மாளிகை இன்றும் நிற்கிறது. ஐந்தாம் எண் மாளிகை இல்லை. ஒன்று தப்பியதும் மற்றொன்று மறைந்ததும் எவ்வாறு என்று வினவுவோமானால், வடகல்கத்தாவின் வரலாறே நமக்கு விளங்கும்.

முதலில் இவ்வீடுகளின் அமைப்பைக் காண்போம். வங்கம் ஆற்று வண்டல் படிந்த நாடு. அங்கே கட்டடத்திற்கு ஏற்ற கல் அரிது. ஆகவே, நாம் கல்தூண் என்று எண்ணி வியக்கும் கிரேக்க பாணித் தூண்களுட் பல, உள்ளே செங்கல்லும் மேலே சுண்ணாம்புப் பூச்சுமே ஆகும். நடுவே திறந்த முற்றம். அதை நோக்கியபடி தாகுர்தாலான் என்னும் வழிபாட்டு மண்டபம். ஆடவர்க்குப் புறவீடு, மகளிர்க்கு அந்தப்புரம். தெருவோரத்தில் ரோக் என்னும் மேடை. நம் ஊர்த் திண்ணையைப் போலவே அதுவும் அக்கம்பக்கத்தார் அமர்ந்து உரையாடும் இடம். முகப்பு ஐரோப்பியம், உள்ளமைப்பு முற்றும் நம் நாட்டுக் கூட்டுக் குடும்பத்திற்கு உரியது.

1784-இல் நீல்மணி தாகூர் ஜோராசாங்கோவில் குடியேறினார். அவர் வழிவந்த துவாரகாநாதர் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். ஆங்கிலேய நண்பர்களோடு அவர் விருந்துண்பதை ஆசாரம் மிக்க குடும்பத்து மகளிர் விரும்பவில்லை. எனவே விருந்தினர்க்கென்று அவர் எழுப்பிய தனி மாளிகையே ஐந்தாம் எண் வீடு. பிற்காலத்தில் ஆறாம் எண் வீடு தேவேந்திரநாதரின் கிளைக்கும், ஐந்தாம் எண் வீடு அவர் இளவல் கிரீந்திரநாதரின் கிளைக்கும் உரியனவாயின. ஆறாம் எண் வீட்டில் 1861-இல் ரவீந்திரநாதர் பிறந்தார். 1941-இல் அங்கேயே மறைந்தார்.

ஐந்தாம் எண் வீட்டில் வாழ்ந்தவர்கள் ககனேந்திரநாதரும் அவனீந்திரநாதரும். மேனாட்டு முறையைப் பின்பற்றுவதே ஓவியப் பயிற்சி என்றிருந்த நாளில், முகலாயச் சிற்றோவியத்தையும் ஜப்பானியர் கையாண்ட நீர்வண்ண மென்பூச்சையும் இணைத்துப் புதுவழி கண்டவர் அவனீந்திரர். 1905-இல் அவர் தீட்டிய பாரத மாதா ஓவியம் நாடறிந்தது. அவருடைய மாணவரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமையை ஏற்றார். மெரினாக் கடற்கரையில் 1959-இல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே. ஆகவே அந்த ஐந்தாம் எண் வீட்டிற்கு நாமும் ஒருவகையில் கடன்பட்டவர்களே. எனினும், செல்வம் சுருங்கிய காலத்தில் அவ்வீடு கைமாறி, பின்னர் இடிக்கப்பட்டது. கவியின் வீடோ நாட்டின் நினைவுச் சின்னமாயிற்று. 1962-இல் ரவீந்திர பாரதிப் பல்கலைக்கழகம் அங்கே தொடங்கியது.

வடகல்கத்தாவின் பழைய வீடுகள் நலிந்தமைக்குச் சட்டமும் ஒரு காரணம். நம் பகுதியில் மிதாட்சரம் வழங்கியது போல, வங்கத்தில் தாயபாகம் வழங்கியது. அதன்படி மகனுக்குப் பிறப்பால் உரிமை இல்லை. தந்தை இறந்ததும் வாரிசுகள் ஒவ்வொருவர்க்கும் திட்டமான பங்கு உண்டு. மூன்று தலைமுறை கழிந்தால் ஒரு முற்றத்திற்குப் பல உடையவர்கள்! கூரை ஒழுகினால் பழுது பார்ப்பவர் யார்? குலதெய்வத்தின் பெயரால் எழுதிவைக்கப்பெற்ற தேவோத்தரச் சொத்துக்கள் மட்டும் எளிதில் துண்டுபடாமல் நின்றன.

மாளிகைகள் ஒடுங்கிய தெருக்களில் உணவுச்சாலைகள் ஓங்கின. கிராமங்களிலிருந்து வந்த குமாஸ்தாக்களும் மாணவர்களும் விடுதிகளில் தங்கினர். அவர்களுக்கென எழுந்தவை பைஸ் ஹோட்டல்கள். சோறு, பருப்பு, மீன் என ஒவ்வொன்றிற்கும் அங்கே தனித்தனிக் கணக்கு. வாழையிலைக்கும் விலை உண்டு. சித்பூர்ச் சாலையில் 1905-இல் தொடங்கிய ராயல் இந்தியன் ஹோட்டல் லக்னோவின் சமையலைக் கொண்டுவந்தது. கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் மண்டபத்தில் 1942-இல் காபி நிலையம் தோன்றியது. பின்னர் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கமே அதை ஏற்று நடத்தலாயிற்று. முன்பு மாளிகைக் கூடத்தில் செல்வர் சூழ நிகழ்ந்த இலக்கிய உரையாடல், ஒரு குவளைக் காபிக்கு விலை கொடுக்கக்கூடிய எவர்க்கும் உரியதாயிற்று.

இம்மாறுதலை நாம் இழப்பு என்று மட்டும் கூறலாகாது. ஆயினும் ஒன்று எண்ணத் தக்கது. பெரும்புகழ் பெற்றவர் பிறந்த வீட்டைக் காப்பது எளிது. அதற்குப் பொருளும் வரும், ஆதரவும் வரும். ஒரு கலை முளைத்த வீடு, பலர் பங்கிட்டு வாழும் வீடு, பெயரறியாத கொத்தனார் சுண்ணாம்பு குழைத்துப் பூசிய தூண் ஆகியவற்றைக் காப்பதற்கு, புகழுக்கு அப்பாலும் மதிப்பைக் காணும் கண் வேண்டும். அந்தக் கண்ணை நாம் பெற்றால், நம் ஊர்த் தெருக்களிலும் காக்கத் தக்கவை பல புலப்படும்.