உறையும் கடிதமும்

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று மனிதர்கள் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் அது நமக்கு எழுத்தைக் காட்டுகிறது. அனுப்புகிறவனும் பெறுகிறவனும் ஒரே அட்டவணையை வைத்திருக்கும் வரையில் தொல்லை இல்லை. ஆளுக்கு ஓர் அட்டவணை ஆகிவிட்டால் நடக்கிற கூத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். துப்பறியும் கதைக்கு வேண்டிய சகலமும் இதில் இருக்கிறது. அதோடு, களவு போகிற பொருள் மனிதர்களுடைய பெயர்.

அமெரிக்கர்கள் 1963ஆம் ஆண்டில் 'ஆஸ்கி' என்ற அட்டவணையை வெளியிட்டார்கள். அதில் 128 ஸ்தானங்கள். அந்த முதல் பதிப்பில் ஆங்கிலத்துக்கே சின்ன எழுத்துக்கள் கிடையாது! 1967இல்தான் அவை வந்து சேர்ந்தன. பிற்பாடு 'பைட்' என்ற அளவு நிலைத்தது. 0 முதல் 255 வரையில் ஏதாவது ஓர் எண்ணைக் கொள்ளும் சிமிழ் அது. ஆஸ்கி அதில் பாதியைத்தான் நிரப்பியிருந்தது. மீதிப் பாதி புறம்போக்கு நிலம் மாதிரி கிடந்தது. கேட்க வேண்டுமா? ஆளுக்கு ஆள் வேலி போட்டார்கள். மேற்கு ஐரோப்பியர்கள் தங்கள் கொம்பு வைத்த எழுத்துக்களை அங்கே குடியேற்றினார்கள். 1987இல் அது சர்வதேசத் தரமாயிற்று.

ருஷ்யர்கள் செய்ததை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்து இயந்திரங்கள் சில, வழியில் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு துண்டை உதிர்த்துவிடும். மேல்பாதி எண் கீழ்பாதி எண்ணாகிவிடும். இது நடக்கத்தான் போகிறது என்று ருஷ்யர்கள் முன்கூட்டியே எதிர்பார்த்தார்கள். ஆகவே 'கோய்-8' என்ற தங்கள் அட்டவணையில், ருஷ்ய எழுத்தை அதே ஒலியுள்ள ஆங்கில எழுத்துக்கு நேர்மேலே உட்கார வைத்தார்கள். துண்டு உதிர்ந்தால் 'ப' ஒலியுள்ள ருஷ்ய எழுத்து ஆங்கிலத்து 'பி' ஆகும். சின்னது பெரிதாகவும் பெரிது சின்னதாகவும் மாறும், ஆனாலும் படித்துவிடலாம். கெட்டுப் போனாலும் உபயோகப்படும்படி ஒரு பொருளைச் செய்வது சாமானிய புத்திசாலித்தனம் அல்ல.

நாமும் சளைக்கவில்லை. 1990களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் அவரவர் இஷ்டப்படி அட்டவணை வைத்துக்கொண்டார்கள். கடிதம் அனுப்புகிறவர் எழுத்துருவையும் கூடவே கட்டி அனுப்ப வேண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் மகாநாடு கூட்டி, தமிழக அரசு ஒரு முடிவுக்கு வந்தது. முடிவு என்னவென்றால், 'டாம்', 'டாப்' என்று இரண்டு அட்டவணைகள்! தமிழர்கள் ஒன்றுகூடினால் இரண்டோடு நின்றதே பெரிய காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையில் 1991இலேயே உலக எழுத்துக்களுக்கெல்லாம் ஒரே அட்டவணையாக 'யூனிகோட்' வந்துவிட்டது. தமிழும் அதில் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய எண்களைச் சின்னஞ்சிறு சிமிழில் அடைப்பது எப்படி? 1992 செப்டம்பரில் ஒரு நாள் இரவு, நியூஜெர்ஸியில் ஓர் உணவு விடுதியில் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தில் தாம்ஸன் அதற்கு வழி எழுதினார். சில நாட்களுக்குள் அவர்களுடைய கம்ப்யூட்டர் முழுவதும் அந்த முறையில் ஓடிற்று. அதுதான் 'யூடிஎஃப்-8'. ஆங்கில எழுத்துக்குப் பழையபடி ஒரே பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'அ' என்றால் 224, 174, 133. மூன்று மடங்கு கூலி கொடுக்கிறோமே என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால் கூலியைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. இந்த நூற்றாண்டு பிறந்த சமயத்தில், மனிதன் குறுக்கே இல்லாமல் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் வழக்கம் பரவிற்று. 'வலைச் சேவை' என்று பெயர். 1998இல் வந்த 'எக்ஸ்எம்எல்' என்ற முறையில் கடிதத்தை எழுதுவார்கள். அதன் முதல் வரியிலேயே, 'இது இன்ன அட்டவணைப்படி எழுதியது' என்று சொல்லிவிடலாம். கடிதத்தை ஓர் உறையில் போடுவார்கள்; உறையின் மேலும் அட்டவணையின் பெயரை எழுத இடம் உண்டு. 'ஸோப்' முறையும் இப்படித்தான். (பெயர் சோப்பு என்றாலும் அழுக்கு என்னவோ போகவில்லை.)

உறை ஒன்று சொல்லி, கடிதம் வேறொன்று சொன்னால்? 2001இல் இதற்கு விதி எழுதினார்கள். உறைதான் பிரமாணம். அதுமட்டுமல்ல, 'உரை-எக்ஸ்எம்எல்' என்று குறித்த உறையில் அட்டவணையின் பெயர் இல்லாவிட்டால், உள்ளே யூடிஎஃப்-8 என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும், பழைய ஆஸ்கி என்றே கொள்ள வேண்டும்! இதற்கு நியாயமும் இருந்தது. வழியிலுள்ள இயந்திரம் கடிதத்தை வேறு அட்டவணைக்கு மாற்றி எழுதலாம். அப்போது உறையைத் திருத்தும், உள்ளே முதல் வரியைத் தொடாது. நியாயம் சரி, உலகம் அப்படி நடக்கவில்லை. சில கம்ப்யூட்டர்கள் விதிப்படி நடந்தன. பல, விதியைச் சட்டை செய்யாமல் உள்ளே இருப்பதை நம்பின. இன்னும் சில, எதையும் பார்க்காமல் மேற்கு ஐரோப்பிய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டன.

வேடிக்கை என்னவென்றால், சோதனை செய்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் ஆங்கிலப் பெயர்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் இந்த மூன்று அட்டவணையிலும் ஒரே மாதிரி. தமிழ்ப் பெயரோ கொம்பு வைத்த பிரெஞ்சுப் பெயரோ உள்ளவர் ஒருவர் வந்து சேரும் வரையில் எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருந்தது.

துப்பறியும் கட்டம் இங்கேதான் தொடங்குகிறது. நம்முடைய 'அ'வை விண்டோஸின் மேற்கு ஐரோப்பிய அட்டவணையில் படித்தால், தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', அப்புறம் மூன்று புள்ளி என்று திரையில் வரும். தமிழ்க் குறிகள் எல்லாமே 224இல் தொடங்குவதால், பக்கம் முழுவதும் கோடு போட்ட 'ஏ'யாக இறைந்து கிடந்தால் தமிழ் மாறுவேஷத்தில் வந்திருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். பயப்பட வேண்டாம், எண்கள் அப்படியே இருக்கின்றன, அட்டவணையை மாற்றினால் போதும். சில சமயம் இந்த வேஷத்தையே நிஜமென்று நம்பி, இன்னொரு தடவை யூடிஎஃப்-8 ஆக மாற்றியிருப்பார்கள். மூன்று பைட் ஏழாகியிருக்கும். அதையும் பின்னோக்கி இரண்டு தடவை அவிழ்த்து மீட்கலாம். வெறும் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் எழுத்துரு இல்லை என்றுதான் அர்த்தம். கடிதத்தின் மேல் குற்றமில்லை.

கேள்விக்குறிதான் கொலை. தன் அட்டவணையில் இல்லாத எழுத்தைக் கண்ட கம்ப்யூட்டர், 63 என்ற எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடும். 63 என்பது கேள்விக்குறி. பழைய எண் அங்கே கிடையாது. திரையைப் பார்த்து ஊகிப்பதில் பிரயோஜனமில்லை; ஒவ்வொரு கட்டத்திலும் பைட்டுகளை எண்ணாகவே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். புறப்பட்ட இடத்தில் 224, அடுத்த இடத்தில் 224, அதற்கடுத்த இடத்தில் 63 என்றால், குற்றவாளி அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறான்.

2014இல் பழைய விதியை ரத்துச் செய்தார்கள். உறை பேசாவிட்டால் கடிதத்தை நம்பலாம் என்று ஆயிற்று. எக்ஸ்எம்எல்லின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்ட 'ஜேஸான்' முறைக்கு 2017இல் விதி எழுதியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வெளியாரோடு கடிதம் எழுதினால் யூடிஎஃப்-8 தவிர வேறு கூடாது என்றார்கள். உறையில் அட்டவணையின் பெயருக்கென்று இடமே ஒதுக்கவில்லை. அதற்கு முன்னால் 63 ஆகிப் பதிவேடுகளில் உறைந்துவிட்ட பெயர்களை எந்த விதியாலும் மீட்க முடியாது. அவர்களைக் கூப்பிட்டு, "ஐயா, உங்கள் பெயர் என்ன?" என்று மறுபடியும் கேட்க வேண்டியதுதான்.