முந்நூற்றி நாலை ஆர் செய்தது?

அரியாலைப் பக்கம் பின்னேரத்தில் போனால், வாசிகசாலை வாங்கிலோ ஒரு வேப்பமரத்துக்குக் கீழேயோ நாலு பேர் இருந்து காட்ஸ் அடிப்பதைக் காணலாம். அனேகமாக அது 304 ஆகத்தான் இருக்கும். அதைச் செய்தவருக்குப் பெயர் இல்லை, சட்டப் புத்தகமும் இல்லை. "உது எங்கட அப்புமார் விளையாடினது" என்பதோடு வரலாறு முடிந்துவிடும். ஆனால் ஒரு விளையாட்டு தன் வரலாற்றைத் தன் கணக்குக்குள்ளேயே வைத்திருக்கும்.

52 தாளில் இரண்டிலிருந்து ஆறு வரை இருக்கிற 20 தாளை எடுத்துவைத்தால் மிஞ்சுவது 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. எட்டும் ஏழும் வெறும் தாள். ஒரு இனத்துக்கு 76 படி நாலு இனத்துக்கும் 304. ராசாவையும் ராணியையும் ஏவல்காரன் அடித்துப்போட்டுப் போகிற விளையாட்டு இது. அதற்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

ஜாக்கும் ஒன்பதும் ஏன் இவ்வளவு பெரிய ஆட்கள்? இந்தப் பழக்கம் ஐரோப்பாவின் ஒரு விளையாட்டுக் குடும்பத்தில் இருக்கிறது. சுவிற்சர்லாந்தில் எல்லோரும் ஆடும் 'யாஸ்' அதில் ஒன்று. அந்தப் பெயர் அங்கே 1796இல் பதிவாகிறது. விளையாட்டு ஒல்லாந்திலிருந்து போனது என்று கருதுகிறார்கள். அதில் துரும்பு ஜாக்குக்கு 20, துரும்பு ஒன்பதுக்கு 14, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 4, குயினுக்கு 3. 1658இலிருந்து 1795 வரை யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களும் ஒல்லாந்தர்தான். எங்கட வாயில் வரும் 'கிளாவர்' அவர்களுடைய சொல். சிங்களத்தில் நாலு இனத்துக்கும் ஹாரத, கலாபர, இஸ்கோப்ப, ருயித என்று ஒல்லாந்தப் பெயர்கள்தான் இருக்கின்றன. ஆகவே விளையாட்டும் கப்பலில் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் ஊகம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது.

ஆனால் வந்தது வந்தபடி இருக்கவில்லை. யாஸில் ஜாக்கும் ஒன்பதும் துரும்பு இனத்தில் மட்டும்தான் பெரியவர்கள். இங்கே ஆரோ ஒருவர், அல்லது நூறு பேர், அந்த மரியாதையை நாலு இனத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். 20ஐ 30 ஆக்கினார்கள், 14ஐ 20 ஆக்கினார்கள். ஏஸின் 11உம் பத்தின் 10உம் மட்டும் பழைய வீட்டுத் தூண் மாதிரி அப்படியே நிற்கின்றன. கேரளத்தில் இன்னும் ஒரு படி போய் ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று சுருக்கி, அதை '28' என்றார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், தென்னாபிரிக்காவின் டர்பனில் 'துணி' என்று ஒன்று ஆடுகிறார்கள். அதில் 24 தாள்தான், ஆனால் 30, 20, 11, 10, 3, 2 என்று அதே கணக்கு, அதே 304. அங்கே அதை ஆடுகிறவர்கள், 1860 தொடக்கம் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள்தான். கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள் இந்தக் கணக்கையும் மடியில் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கட குழு இந்த வருசம் சொந்தமாக ஒரு காட்ஸ் விளையாட்டுச் செய்யத் தொடங்கியது. பழைய கலியாணக் காட் மட்டையை வெட்டித்தான் தாள் செய்தோம். அதற்கு முன்னம் 304ஐப் பிரித்துப் பார்ப்போம் என்று ஒரு சோதனை வைத்தோம். வழமையாக முதலில் நாலு தாள் போட்டு, அதை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் மற்ற நாலும் வரும். நாங்கள் எட்டையும் ஒரேயடியாகப் போட்டு ஆடிப் பார்த்தோம். விளையாட்டு செத்துப்போச்சு. நல்ல கை வந்தவர் கேட்டார், மற்றவர்கள் பேசாமல் இருந்தார்கள். நாலு தாளில் கேட்கும்போது பாதி தெரியும், மிச்சப் பாதிக்கு எதிரே இருக்கிற கூட்டாளியை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் பிறகு "ஏன் கேட்டனீ?" என்று ஏச்சு விழுகிறது.

கேள்வி 160இல் தொடங்குவதும் சும்மா இல்லை. 304இல் பாதி 152. கேட்கிறவர் பாதியைவிடக் கொஞ்சம் கூட எடுத்துக் காட்ட வேண்டும். வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு. வாய் விட்டவருக்கு நட்டம் கூட. இதை எந்தப் பொறியியலாளரும் இருந்து வரையவில்லை. ஆடி ஆடித் தேய்த்தே இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

எடுத்துவைத்த 20 தாளுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எங்கட வீட்டில் ஒரு பழைய கட்டு இருக்கிறது. அதில் கிளாவர் ஒன்பது, உண்மையில் பேனையால் 9 என்று எழுதிய கிளாவர் நாலு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இந்தக் கண்டி வீதியால்தான், செம்மணி தாண்டி, நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. அந்த வழியில் எங்கேயோ தவறிய தாள் அது. மட்டையில் ஒன்று வெட்டிச் சேர்த்தால் முதுகைப் பார்த்தே ஆரிடம் ஒன்பது என்று தெரிந்துவிடும். ஒதுக்கிவைத்த தாளில் எழுதினால் ஒருவருக்கும் தெரியாது. இடம்பெயர்ந்த வீட்டுத் திண்ணையில் இதையும் ஆரோ யோசித்திருக்கிறார்கள்.

இப்போது வாங்கில் இருக்கிறவர்களில் அறுபதுக்குக் கீழே ஆட்கள் குறைவு. பெண்களை அங்கே நான் கண்டதே இல்லை, வீட்டுக்குள்ளே அவர்கள் நன்றாக ஆடுவார்கள் என்றாலும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் 304 போட்டி வைக்கின்றன. போட்டி என்றால் சட்டத்தை எழுத வேண்டும், எழுதினால் ஒரு ஊரின் சட்டம் மற்ற ஊரின் சட்டத்தை விழுங்கிவிடும். ஆகவே நாங்கள் அரியாலைச் சட்டத்தை நாலு ஐயாமாரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வருகிறோம். எட்டுத் தாளும் கைக்கு வந்த பிறகு கேட்பதென்றால் எவ்வளவுக்குக் கேட்க வேண்டும் என்பதில் நாலு பேரும் நாலு இலக்கம் சொன்னார்கள். நாலையும் எழுதியிருக்கிறோம்.